பங்க் ரெக்கார்டு, ஜாக்கிறதை

செஞ்சியில் என் அக்கா வீட்டுக்காரர் வைத்திருக்கும் பழைய இரும்புக் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதியது நான்தான். தகரத்துக்கு மஞ்சள் அடித்து, சிவப்பில் 'பழைய இறும்பு கடை' என்று எழுதினேன். எழுதி முடித்த அன்றே ஒரு வாத்தியார் சைக்கிளை நிறுத்தி, இரும்புக்கு அந்த 'று' வராது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்கு ரகரமும் றகரமும் ஒன்றுதான். மாமா பலகையை மாற்றவில்லை.

"இரும்பு போட வர்றவன் எழுத்தயா பார்க்கப் போறான்? தராசுல நான் கை வெக்கிறனான்னுதான் பார்ப்பான். வுடு" என்றார்.

தராசில் அவர் கை வைத்து யாரும் பார்த்ததில்லை. அந்த மனிதரைத்தான் பதினோரு வருஷம் திருடன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

காரணம் ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள் நூற்றுச் சொச்சம் இசைத்தட்டுகள்.

அந்தத் தட்டுகள் என்னிடம் வந்தது பாண்டிச்சேரியில். கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே ஒரு விடுதியில் துணி துவைக்கும் வேலையில் இருந்தேன். அதற்கு முன்னால் ஓசூரில் கோழிப்பண்ணை. அதற்கு முன்னால் கேரளத்தில் கல் உடைக்கும் இடம். அதற்கும் முன்னால் வேலூரில் ஓர் ஓட்டலில் மேசை துடைத்தேன். நைனா லாரியிலிருந்து விழுந்து படுக்கையான வருஷம் வேலைக்குக் கிளம்பியவன். கிளம்பிய பிறகு ஓரிடத்தில் நிற்கத் தெரியவில்லை. விடுதியில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஆறு மாதமாக ஓர் அறையில் தங்கியிருந்தார். ஒருநாள் பையை மாட்டிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. ஒரு வருஷம் பார்த்துவிட்டு, விடுதிக்கார அம்மா அறையைக் காலி செய்யச் சொன்னார். துணிகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். மூலையில் அடுக்கியிருந்த தட்டுகளையும் அதைப் போடும் சின்னப் பெட்டியையும் யாரும் தொடவில்லை. குப்பை வண்டியில் போடு என்றார் அம்மா. நான் துணி துவைக்கும் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

எனக்குத் தெரிந்த பாட்டு என்றால் பஸ்ஸில் போடும் சினிமாப் பாட்டு, அமாவாசைக்கு உடுக்கை அடித்துப் பாடும் அங்காளம்மன் பாட்டு, அவ்வளவுதான். முதல் தட்டைச் சுழலவிட்டதும் பெட்டி கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தேன். யாரோ கத்தினார்கள். கிட்டார் அறுவை மில் மாதிரி இழுத்தது. ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. சினிமாப் பாட்டில் அந்த நேரத்துக்குள் கதாநாயகி மலையிலிருந்துகூட இறங்கியிருக்க மாட்டாள். மறுபடி போட்டேன். மூன்றாம் தடவை போட்டபோது அது கத்தல் இல்லை, அவசரம் என்று புரிந்தது. கடைசி பஸ்ஸை ஓடிப் பிடிக்கிறவன் பேசுகிற மாதிரி.

இரண்டு வருஷம் துணி அலசும்போதெல்லாம் அவை ஓடிக்கொண்டிருந்தன. உறைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு வந்த கொஞ்சம் இங்கிலீஷ் வந்தது. பெரிய கம்பெனி வெளியிட்ட தட்டு அதில் ஒன்றுகூட இல்லை. ஒரு உறை மாவு மூட்டைக் காகிதத்தை வெட்டி ஒட்டியது. ஒன்றில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தார்கள், மை இழுகியிருந்தது. ஒன்றில் பாட்டின் பெயரைத் தப்பாக எழுதி, அடித்து, பக்கத்தில் சரியாக எழுதியிருந்தார்கள். அப்படியே விற்றுமிருக்கிறார்கள். அந்த உறையை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். வாசிக்க முழுசாகத் தெரியாமலே மேடை ஏறியவர்கள். யாரும் கேட்கக் காத்திருக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. ஆனாலும் தங்கள் கைக்காசைப் போட்டு ஒரு தட்டு அடித்து உலகத்துக்குள் விட்டிருக்கிறார்கள். தெரிந்த பிறகுதான் ஒரு காரியத்தைத் தொடவேண்டும் என்று எனக்கு எல்லோரும் சொல்லியிருந்தார்கள். இவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருந்தது. அது எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது உள்ளங்கையை விரித்தால் அடங்குகிற ஒரு சின்னத் தட்டு. ஏதோ குளிர் தேசத்துத் துறைமுக ஊர். மூன்று பெண்கள். முன்பக்கம் ஒரு பாட்டு, பின்பக்கம் ஒரு பாட்டு. முன்பக்கப் பாட்டு ஆரம்பிக்கும்போது ஒருத்தி இருமுகிறாள். தாளம் தொடங்கி, தப்பி, நின்றுவிடுகிறது. யாரோ சிரிக்கிறார்கள். பிறகு மறுபடி தொடங்குகிறது, இந்தமுறை நிற்பதே இல்லை. அந்தச் சிரிப்பை அவர்கள் வெட்டி எறியவில்லை. தாளத்தில் ஒரு சத்தம் மட்டும் மற்ற தட்டுகளில் இல்லாத சத்தம். டங் என்று விழுந்து, பின்னாலேயே கரகரவென்று கொஞ்சம் சிதறும். அதற்காகவே அதைத் திரும்பத் திரும்பப் போட்டுத் தேய்த்தேன்.

பல உறைகளில் ஒரே வார்த்தை இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். பங்க். விடுதி வரவேற்பில் இருந்தவரைக் கேட்டதற்கு, "ரவுடிப் பசங்க பாட்டு. அதுக்கு அதான் பேரு" என்றார். ஒரு பேர் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்.

பிறகு போர்வெல் லாரியில் வேலை கிடைத்தது. மாதக்கணக்கில் வெளி மாநிலம். தட்டு போடும் பெட்டியின் மோட்டார் ஏற்கெனவே புகைந்து போயிருந்தது. அதை அங்கேயே விட்டேன். தட்டுகளை மட்டும் ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கி, சணலால் நாலு பக்கமும் கட்டி, செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தேன். அக்காவின் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இப்படி எழுதினேன்:

செஞ்சி. பங்க் ரெக்கார்டு. ஜாக்கிறதை.

அன்றைக்கு அமாவாசை என்பதை நான் யோசிக்கவில்லை. அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க விடாது. அக்கா காலையிலிருந்து அந்தக் கூட்டத்தில் நின்றாள். மத்தியானம் வரை நின்று, எலுமிச்சம்பழ மாலை விற்கிறவளோடு சண்டையும் போட்டுவிட்டு, வெறுங்கையோடு வீட்டுக்குப் போனாள்.

நான் சத்தீஸ்கர் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் கண்டக்டரைப் போனில் பிடிக்க முடிந்தது. திண்டிவனத்தில் தனக்கு டூட்டி முடிந்துவிட்டது, அடுத்த கண்டக்டரிடம் ஒப்படைத்ததாகச் சொன்னார். சீட்டு அவர் சட்டைப் பையிலேயே போய்விட்டதாம். அடுத்த கண்டக்டரைப் பிடித்தேன்.

"செஞ்சியில எறக்கிக் குடுத்துட்டேன்பா. குடுக்க வேண்டிய எடத்துலதான் குடுத்தேன்."

"யாருண்ணா வாங்குனாங்க?"

"ஆம்பள ஒருத்தரு. காக்கிச் சட்ட போட்டிருந்தாரு."

மாமா கடையில் நிற்கும்போது காக்கிச் சட்டைதான் போடுவார். துரு தெரியாது என்பதற்காக. காகிதம், அட்டை, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எடைக்கு வாங்குகிறவர். எனக்கு வேறு யோசனையே வரவில்லை. உடனே அவரைக் கூப்பிட்டேன்.

"மாமா, பொட்டி எங்க?"

"இன்னா பொட்டி? உங்கக்கா அன்னிக்கு வெயில்ல நின்னு தல சுத்தி வந்து படுத்தவ இன்னும் எழுந்துக்கல. வரலன்னா."

"காக்கிச் சட்டக்காரர் வாங்குனாராம்."



"செஞ்சியில காக்கிச் சட்ட எங்கிட்ட மட்டுந்தான் இருக்குதா?"

"எடைக்குப் போட்டுட்டியா? உண்மைய சொல்லு மாமா."

"எடுக்கல."

"எத்தினி கிலோ இருந்துச்சு?"

அந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டாம். அவர் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அவர் குரலை நான் கேட்கவில்லை. ஊருக்குப் போனால் அக்காவை வெளியில் எங்காவது பார்ப்பேன். கடைப் பக்கம் போகமாட்டேன்.

போர்வெல் வேலையில் இடது கை மோதிர விரலில் பாதி போனது. குழாய் இறங்கும்போது கவனிக்கவில்லை. ஒரு மாதம் கட்டோடு படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டில்காரர் தன் போனைக் கொடுத்து எதையாவது பார் என்றார். அந்தத் தட்டுகளில் இருந்தவர்களின் பெயர்களைத் தேடினேன். சிலருடைய பாட்டு கிடைத்தது. பலருடையது இல்லை. ஆனால் அவற்றைத் தேடுகிறவர்கள் இருந்தார்கள். மறுபதிப்பு வராத, கடையில் கிடைக்காத தட்டுகளைப் பற்றி மட்டுமே பேசுகிற ஒரு குழு இணையத்தில் இருந்தது. ஒரு உறையின் மூலையைப் பார்த்தே எந்த ஊரில் அச்சடித்தது என்று சொல்கிறவர்கள். ஒருவர் ஏழு வருஷமாக ஒரு பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அதில் நாலு வரிதான் அவருக்கு ஞாபகம். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். விரல் போன மாதம் எனக்கு நல்ல மாதமாகத்தான் இருந்தது.

அங்கேதான் அந்தத் துறைமுக ஊர்ப் பெண்களில் தாளம் அடித்தவரைக் கண்டுபிடித்தேன். இப்போது பேக்கரி வைத்திருக்கிறார். அந்தத் தட்டு எங்களிடமே ஒன்றுகூட இல்லை, மூன்று பேரும் வீடு மாறி வீடு மாறித் தொலைத்துவிட்டோம், யாரிடமாவது இருக்கிறதா என்று எழுதியிருந்தார். தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன்: ஐ ஹேவ். பிஃபோர். மை சிஸ்டர் ஹஸ்பண்ட் தீஃப். சேல் ஸ்க்ராப்.

அதற்குக் கீழே ஊர் பேர் தெரியாத நாற்பது பேர் மாமாவைத் திட்டினார்கள். படிக்கப் படிக்க எனக்கு ஆறுதலாக இருந்தது.

அக்கா மகள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். எப்படியோ அது அவள் கண்ணில் பட்டு, வீட்டில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அக்கா போன் செய்தாள்.

"வெள்ளக்காரங்கிட்ட எல்லாம் போயி திருடன்னு எழுதி வெச்சிருக்கியாமே. அவரு சாப்பாட்டுல கை கழுவிட்டு எழுந்து போய்ட்டாருடா. அத அழிச்சுடு."

"எழுதுனது பொய்யா?" என்றேன். அழிக்கவில்லை.

போன ஆடியில் தும்கூர் பக்கம் ஒரு பாக்குத் தோப்பில் வேலை செய்துகொண்டிருந்தேன். அக்காவிடமிருந்து போன்.

"உன்ன வரச் சொல்றாரு உங்க மாமா. திண்டிவனம் ரோட்டுல பெட்ரோல் பங்க் இருக்குது இல்ல, அங்க. உன் பொட்டி அங்க இருக்குதாம்."

"பங்க்லயா? பங்க்ல எப்டிக்கா?"

"எனக்கு இன்னா தெரியும்? அது மேல நீ இன்னாடா எழுதின?"

நான் சொன்னேன். செஞ்சி, பங்க் ரெக்கார்டு, ஜாக்கிறதை. சொல்லி முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. தமிழில் 'ப' ஒன்றுதான் இருக்கிறது. ரவுடிப் பசங்க பாட்டுக்கும் அதே பங்க், பெட்ரோல் போடுகிற இடத்துக்கும் அதே பங்க். அமாவாசைக் கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டியைத் திருப்ப முடியாத கண்டக்டர், டீசல் போட நின்ற இடத்தில், பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, பொறுப்பாக அங்கேயே ஒப்படைத்திருக்கிறார். கொடுக்க வேண்டிய இடத்தில்தான் கொடுத்திருக்கிறார்.

போனில் அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து போனை யாரிடமோ கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை பங்க்குக்கு முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். பழைய கட்டிடத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். காற்றடிக்கும் கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் என் பெட்டி. பக்கத்தில் பங்க் மேனேஜர், வயசானவர், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பெட்ரோல் போடுகிற அம்மா ஒருவர் குழாயை மாட்டிவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார். மாமா கொட்டகைக்கு வெளியே, வெயிலில், பத்தடி தள்ளி நின்றார். அதே காக்கிச் சட்டை. தலை முழுக்க நரைத்திருந்தது.

"கிட்ட வாங்க மாமா" என்றேன். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

"வரமாட்டேன். நீயே பாரு. கட்டு உன்னுதான்னு பாரு. மேனேஜர் சார், நான் தொட்டனா?"

"தொடலப்பா. இவரு தொடவே இல்ல தம்பி" என்றார் மேனேஜர்.

நடந்ததை மேனேஜர்தான் சொன்னார். கட்டிடத்தை இடிப்பதற்காகப் பழைய காகிதங்களை எடைக்குப் போட மாமாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாமா வண்டியோடு வந்து, பின்னறையிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி ஏற்றியிருக்கிறார். இந்தப் பெட்டியைப் பார்த்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"'சார், இந்தப் பொட்டிய நான் எடுக்கமாட்டேன், இது என் தராசு பக்கமே வரக்கூடாது'ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. பாம்பு கீம்பு இருக்குதோன்னு பயந்துட்டேன்."

"எப்டித் தெரிஞ்சுது மாமா?" என்றேன்.

"உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?" பத்தடி தூரத்திலிருந்தே சொன்னார். "இறும்புக்குப் போட்ட அதே 'ற'வ ஜாக்கிரதைக்கும் போட்டிருக்கிறயே. தெனம் என் கட வாசல்ல பார்க்கிறேனே அத."

அந்தப் பெட்டியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் அதை அங்கேயே விட்டு, என்னை வரவழைத்து, சாட்சி வைத்துக் காட்டினார். பழைய பொருளையே தொட்டுப் பிழைக்கிற மனிதர், ஒரு பொருளைத் தொடாமல் இருந்து எனக்குப் பதில் சொன்னார்.

பெட்டியின் கிட்டே போனேன். சணல் கட்டு நான் போட்ட முடிச்சுதான். ஆனால் எழுத்துக்கு மேலே சந்தனமும் குங்குமமும் காய்ந்து திட்டுத் திட்டாக, பொட்டின் மேல் பொட்டாக, ஒரு விரல் கனத்துக்கு இருந்தது.

"இது இன்னா சார்?"

"ஆயுத பூஜைக்கு வெச்சது" என்றார் மேனேஜர். "ரெக்கார்டு எல்லாத்துக்கும் வருஷா வருஷம் பொட்டு வெப்போம். இதுக்கும் வெச்சோம். நான்தான் அன்னிக்கு வாங்குனேன், அப்பல்லாம் எங்களுக்கும் காக்கிதான். மேல எடத்துலருந்து ஏதோ ரெக்கார்டு அனுப்பியிருக்காங்க, கேக்கும்போது பிரிக்காம குடுக்கணும்னு வெச்சேன். எவனும் கேக்கல. கேக்கலன்னா பிரிச்சுப் பாக்கலாமா? ரெக்கார்டாச்சே."

பதினோரு வருஷம் அந்த மனிதர் ஒரு முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை. அந்தக் குளிர் தேசத்துப் பெண்களுக்கும், மாவு மூட்டைக் காகிதத்தில் உறை போட்டவர்களுக்கும், ரவுடிப் பசங்களுக்கும் வருஷா வருஷம் சந்தனம் வைத்துப் பொரியும் கடலையும் படைத்திருக்கிறார். அவர்கள் வாழ்நாளில் அவர்களுக்கு இப்படி ஒரு மரியாதை நடந்திருக்காது.

பெட்ரோல் போடுகிற அம்மா குனிந்து எழுத்தைப் படித்தார். "ஏம்ப்பா, பாட்டுத் தட்டுன்னு எழுதியிருந்தா முடிஞ்சுதே. பங்க்னு எழுதினா பங்க்குலதான் வெப்பாங்க. பஸ் ஸ்டாண்டுலயா வெப்பாங்க?"

நான் போனை எடுத்தேன். அந்த இடத்திலேயே, எல்லோர் முன்னாலும், எழுதியதை அழித்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம்.

"யோவ் யோவ், போன உள்ள வெய்யி" என்று அதே அம்மா கத்தினார். "பங்க்ல போன் எடுக்கக் கூடாது. தெனம் எவன்கிட்டயாவது இதயே சொல்லிகினு இருக்கிறேன்."

ஆகவே சாலையைக் கடந்து டீக்கடைக்குப் போனோம். பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். மாமா கூட வந்தார், கை கொடுக்கவில்லை. பெஞ்சில் இருவரும் பெட்டியை நடுவில் வைத்து உட்கார்ந்தோம். பழையதை அழித்தேன்.

"அழிச்சா போதுமா?" என்றார் மாமா. "படிச்சவன் படிச்சதுதானே. புதுசா எழுது. என் மாமா எடுக்கலன்னு எழுது."

எழுதினேன்: மை சிஸ்டர் ஹஸ்பண்ட் நோ டேக். பெட்ரோல் பங்க் டேக். சத்தமாகப் படித்தும் காட்டினேன்.

"அய்யய்யே, பங்க்காரங்க எடுத்தாங்கன்னு எழுதாதடா. அந்தாளு பொட்டு வெச்சு காப்பாத்திகினு இருந்தாரு. பழிய ஒருத்தன் மேலருந்து எடுத்து இன்னொருத்தன் மேல போடுற."

திருத்தினேன். பெட்ரோல் பங்க் சேஃப். மை மிஸ்டேக். மை சிஸ்டர் ஹஸ்பண்ட் குட் மேன். ஐ பேட் மேன்.

"இன்னா எழுதியிருக்கிற?"

"நீ நல்லவன், நான் கெட்டவன்னு."

டீயைக் குடித்து முடித்தார். "செரி, தூக்கு. கடைக்குப் போலாம்" என்றார். அப்போதுதான் பெட்டியின் ஒரு பக்கத்தில் கை கொடுத்தார்.

கடைக்குள் நுழைந்து பின்பக்கம் போனேன். சுவரோரமாக, சாக்கு போர்த்தி, இடுப்பு உயரத்துக்கு என்னமோ அடுக்கி வைத்திருந்தது. மாமா சாக்கை விலக்கினார். எல்லாம் தட்டுகள். சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, கட்சிக் கூட்டப் பேச்சு, நாகசுரம். உடைந்தவையும் இருந்தன.

"உன்னுது எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியுமா? நான் எடுக்கலன்னா வேற எவனாச்சும் எடுத்திருப்பான், என்னிக்காச்சும் எடைக்கு வரும்னு நெனச்சேன். தட்டு வந்தா எடுத்து வெச்சேன். எதையும் ஒடைக்கல."

அதில் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் ஒரு மைக் செட்டுக்காரர் தொழிலை விட்டபோது எடைக்கு வந்த பெட்டியொன்றும் வைத்திருந்தார், தட்டு போடுகிற பெட்டி. அதோடு ஊசிகளும் வந்திருந்தன. அறுந்த பெல்ட்டுக்குப் பதிலாக சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டியிருந்தார். எதற்கு இதையெல்லாம் செய்தார் என்று நான் கேட்கவில்லை.

முடிச்சை அவிழ்த்தேன். வெக்கையில் பத்துப் பதினைந்து தட்டுகள் அப்பளம் மாதிரி வளைந்திருந்தன. உறைகளைப் பூச்சி தின்றிருந்தது. அந்தச் சின்னத் தட்டு நடுவில், நேராக இருந்தது. மைக் செட்டுக்காரர் பெட்டியில் வைத்து ஊசியை இறக்கினேன்.

இருமினாள். தாளம் தொடங்கியது. தப்பியது. சிரித்தார்கள். மறுபடி தொடங்கியது.

முடிந்ததும் மாமா என்னைப் பார்த்தார். "இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"இதுக்காடா என்ன பதினோரு வருஷம்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "இன்னொரு வாட்டி போடு."

போட்டேன். தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார். இரும்பை வாங்கும்போது அவர் அப்படித்தான் தலையைச் சாய்ப்பார். ஒரு போல்ட்டால் தட்டி, வார்ப்பா, எஃகா, உள்ளே விரிசலா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். மூன்றாம் தடவை நான் கேட்காமலே அவரே ஊசியைத் தூக்கி வைத்தார்.

"இது டிரம் இல்லடா" என்றார்.

"பின்ன?"

"தகர டின்னு. எண்ண டின்னு. கவுத்துப் போட்டு அடிக்கிறா. உள்ள இன்னமோ போட்டிருக்குது, அதான் பின்னாடியே கரகரன்னுது." எழுந்து போய்க் குவியலிலிருந்து ஒரு பெயின்ட் வாளியைத் தட்டினார். "இது இல்ல." பிஸ்கட் டின் ஒன்றைத் தட்டினார். "இதுவும் இல்ல." பிறகு ஒரு சதுர எண்ணெய் டின்னில் கை நிறைய நட்டுகளைப் போட்டு, கவிழ்த்து, போல்ட்டால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

டங். கரகர.

இரண்டு வருஷம் துணி அலசிக்கொண்டே கேட்ட சத்தம், அக்கா வீட்டுக்காரரின் கடையில், எண்ணெய் டின்னுக்குள்ளிருந்து வந்தது.

பேக்கரிக்காரப் பெண்மணிக்கு எழுதினேன். தட்டு கிடைத்துவிட்டது. என் மாமா சொல்கிறார், அது டிரம் இல்லை, எண்ணெய் டின், உள்ளே நட்டு. சரியா?

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. அக்கா மகள் வாசித்துத் தமிழில் சொன்னாள். இரண்டாவது டிரம் வாங்க வழியில்லை, மீன் பொரிக்கிற கடையிலிருந்து எண்ணெய் டின் வாங்கி, உள்ளே நட்டு போட்டு அடித்தோம். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், ஒருவர்கூடச் சரியாகச் சொன்னதில்லை. உன் மாமா யார், அவரும் வாத்தியம் வாசிப்பவரா?

மாமா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "அந்த டின்னு இப்ப எங்க இருக்குதாம்? கேளு."

கேட்டோம். அவருடைய அங்கிள் ஒருவர் வீட்டைச் சுத்தம் செய்தபோது பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாராம்.

"அங்கிள்னா யாரு?" என்றார் மாமா.

"சித்தப்பாவா இருக்கலாம், பெரியப்பாவா இருக்கலாம், மாமாவா இருக்கலாம்" என்றாள் மகள்.

"சித்தப்பனா இருக்காது. மாமனாத்தான் இருப்பான்" என்றார். "அவனும் போட்டிருக்க மாட்டான். நல்லா தேடிப் பார்க்கச் சொல்லு. பங்க்ல கிங்க்ல இருக்கப் போவுது."

தட்டை அந்தப் பெண்மணிக்கே அனுப்புவது என்று முடிவு செய்தோம். இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவில் வைத்து, நாலு மூலையிலும் அட்டை கொடுத்து, மாமாவே கட்டினார். வண்டி ஏறி இறங்கினாலும் உடையாது. முகவரி எழுத நான் மார்க்கர் பேனாவை எடுத்தேன்.

"கீழ வெய்யி" என்றார் மாமா. "பொண்ணு எழுதட்டும். நீ பேனாவ தொடாத."